செருப்பைக் கழற்றும் பாலம்

நன்றி கெட்ட ஜனங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் யோன்சில் ஊரைவிட்டுக் கிளம்பினாள். சீப்புக் கூடையைச் சுமந்து இவ்வளவு தூரம் நடந்து வந்தது வியாபாரத்துக்கா? பஞ்சத்தில் அரசரின் உத்தரவுக்குக் காத்திராமல் களஞ்சியத்தைத் திறந்து, இந்த ஊருக்குச் சோறு போட்ட அதிகாரிக்கு இவர்கள் நினைவுக்கல் நட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்த அதிகாரி அவளுடைய அப்பா. பிறகு அரண்மனைக் கோஷ்டிச் சண்டையில் அவரைத் துரோகி என்றார்கள். தீவாந்திரத்தில் செத்தார். புதைத்த இடம்கூடத் தெரியாது. அரசாங்க அடிமையாகிப்போன மகளுக்கு இந்த வருஷம்தான் விடுதலை. கல்லில் இருக்கும் அவர் பெயரை ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

காலையிலிருந்து வீடு வீடாகக் கேட்டாயிற்று. "கல்லா? இங்க எந்தக் கல்லும் இல்லையே" என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஓடைக்குக் குறுக்கே கிடந்த பலகைக்கல் பாலத்தில் ஏறியவள், ஆத்திரம் தாங்காமல் காலை ஓங்கி மிதித்தாள்.

"ஏய் சீப்புக்காரி! செருப்பைக் கழட்டுடி!"

ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஊர்க்காரி மாக்தோங் அம்மா, துணி அடிக்கிற கட்டையை ஓங்கினாள். அப்போதுதான் யோன்சில் கவனித்தாள். எதிரே வந்த விறகுக்காரர் இந்தக் குளிரிலும் வைக்கோல் செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

"ஏன், பாலத்துல பேய் இருக்கா?"

"ஆமா, வாயாடிங்களைப் பிடிக்கிற பேய். இறங்குடி முதல்ல!"

இறங்கி வந்தாள். இவளையும் கேட்டுவிட்டால் மனசு ஆறும் என்று தோன்றியது.

"அக்கா, முன்னே ஒரு அதிகாரி இருந்தாராமே, அவரோட கல்லு..."

"எத்தனையோ அதிகாரி வந்தான், போனான். பேரு என்ன?"

"மின் வம்சம். சோங்-ங்கிற எழுத்து, இக்-ங்கிற எழுத்து."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் மின் சோங்-இக் என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்கள். பெற்றவர் பெயரைச் சேர்த்துச் சொல்லக் கூசி, எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்வது பெற்ற பிள்ளைதான்.

மாக்தோங் அம்மாவின் கட்டை நழுவித் தண்ணீரோடு போயிற்று. அவள் அதைப் பிடிக்கவில்லை.

"ஐயாவோட பொண்ணு... சின்னம்மா, நீங்களா? வேவு பார்க்க வந்தவள்னு நெனச்சு ஊரே வாயை மூடிக்கிச்சு. கல்லை உடைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. உடைச்சாச்சுன்னு சொல்லிட்டு, எழுத்து அடியில இருக்கிற மாதிரி இங்க பாலமா கவுத்துப் போட்டோம். உடைக்க வந்தவனுங்களே இது மேல நடந்துதான் திரும்பிப் போனானுங்க."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கல்லின் மேல் யோன்சிலின் செருப்புச் சேறு அப்படியே இருந்தது. அவள் அதை முந்தானையால் துடைத்தாள். பிறகு தண்ணீரில் இறங்கி, குனிந்து, கல்லுக்கு அடியில் கையை விட்டாள். சின்ன வயதில் அப்பா அவள் உள்ளங்கையில் விரலால் எழுதித்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பாசிக்கு அடியில் முதலில் மின் வந்தது. அடுத்து சோங். இக் வருவதற்குள் விரல் மரத்துப்போயிற்று. ஆனாலும் வந்தது. "அப்பா!" என்று வாய்விட்டு அழுதாள்.

கிளம்பும்போது மாக்தோங் அம்மா கெஞ்சினாள்: "தண்ணி உறையுது சின்னம்மா. வெறுங்காலோட பாலத்து மேலயே போங்க, தப்பில்ல."

"இன்னிக்கு மிதிச்சதே போதும் அக்கா."

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பாலத்தை ஒட்டியே இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து அக்கரைக்குப் போனாள்.