எஸ்லின் கொடுத்தனுப்பிய மஞ்சள் புட்டிகள்

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. ஆத்திரம் என்னுடையது, கதை என் பக்கத்து வீட்டு எஸ்லினுடையது. அவள் புருஷன் ஆல்பன் மீன் வண்டி ஓட்டுகிறவன். எங்கள் ஊரான குவாவ் கரையில் மீனை ஏற்றிக்கொண்டு போய், தீவின் மறுபக்கம் கிரென்வில்லில் இறக்குவான். அங்கே கார்லீன் என்று ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் இவனுக்கு ஒரு கைக்குழந்தை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் கொஞ்சம் வெட்கம் வேண்டும். ஆல்பன் அதற்குக்கூட மெனக்கெடவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "எஸ்லினின் மிளகாய்ச் செடிகள் மேல் காலை வெயில் மெல்ல..."

அடித்துவிட்டேன். வெயிலை வர்ணிக்கிற நிலையில் நான் இல்லை.

2

மிளகாயைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எஸ்லின் கொல்லையில் இரண்டு செடிகள். ஒன்று மணமிளகாய். வாசனைக்காகப் போடுவது, குழந்தைகூடக் கடிக்கலாம். மற்றது கார மிளகாய். அதைத் தொட்ட விரலால் கண்ணைத் தொட்டால் அன்றைய பிழைப்பு போச்சு. இரண்டும் ஒரே அளவு. பழுத்தால் ஒரே மஞ்சள், ஒரே சுருக்கம், யாரோ உட்கார்ந்து நசுக்கிய தொப்பி மாதிரி. அறுத்து மோந்தால் இரண்டிலும் பழ வாசனைதான் முதலில் வரும். காரமானது மட்டும் ஒரு நொடி கழித்து மூக்குக்குள் சுள்ளென்று ஏறும். அதற்கும் பழகின மூக்கு வேண்டும்.

(இங்கே ஒரு குறிப்பு, தாண்டிப் போகாதீர்கள். கோபக்காரி கைபட்டால்தான் மிளகாய் எரியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மிளகாய் அரைத்துப் போட்ட சாஸ் நன்றாக எரிந்தால் "யார் மேல கோபம்?" என்று கேட்போம். அதுதான் பாராட்டு.)

எஸ்லின் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆனால் அவள் சாஸ் ஊரையே அழவைக்கும். ஆல்பனுக்கு அதில் ஏக பெருமை. "நாக்குல வச்சுப் பாரு, என் பொண்டாட்டி என் மேல எவ்வளவு உசிரா இருக்கான்னு தெரியும். உசிரு இருந்தாத்தானே கோபம் வரும்?" என்பான்.

3

கார்லீனின் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. இரண்டு செடியிலும் கைபோன போக்கில் பறித்து ஒரு வாளி மிளகாயை எஸ்லின் முன்னால் கொண்டுவந்து வைத்தான் ஆல்பன். நான் அவள் சமையலறையில் சாஸுக்குப் பப்பாளிக்காய் சீவிக்கொண்டிருந்தேன்.

"விருந்துக்கு ரெண்டு பெரிய புட்டி போட்டுக் குடு. உன் சாஸ்தான் வேணும்னு எல்லாரும் கேக்குறாங்க."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான்."

"கார்லீன் கேட்டாளா?"

"கேட்டா என்ன தப்பு? சாஸ்தானே கேட்டா."

"ஆமா. மத்ததெல்லாம் கேக்காமலே எடுத்துக்கிட்டா."

(இந்த இடத்தில் எஸ்லின் கத்தியை ஓங்கினாள் என்று எழுதிப் பார்த்தேன். அவள் ஓங்கவில்லை, பூண்டு நசுக்கினாள். என் பாத்திரம் என்றுதான் பெயர், என் பேச்சைக் கேட்கிறாளா?)

அவன் போனதும் மிளகாயை ஒவ்வொன்றாக அறுத்தாள், மோந்தாள், இரண்டு கிண்ணங்களில் பிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"காரத்தை மட்டும் அனுப்பு எஸ்லின். வந்தவன் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டு ஓடணும்."

"எழுத்துக்காரி, அதை நீ உன் வீட்டுல போய் எழுது."

எழுதினேன். விருந்தே பற்றி எரிகிறது, கார்லீன் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை... நல்ல முடிவு. நடக்கத்தான் இல்லை.

இரண்டு கிண்ணத்தையும் தனித்தனியாக அரைத்து, கடுகும் வினிகரும் மஞ்சள்தூளும் சேர்த்து, புட்டிகளில் அடைத்து ஜன்னல் விளிம்பில் வெயில் காட்டினாள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்.

4

விருந்துக்கு நானும் போனேன். பொரித்த மீன் என்றால் கொள்கையை யார் பார்க்கிறார்கள்? தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு சொட்டு தொட்டுக்கொண்டார்கள். மென்றார்கள். காத்திருந்தார்கள். நல்ல மணம், நல்ல புளிப்பு. அவ்வளவுதான். அத்தனையும் மணமிளகாய்.

"என்ன ஆல்பன், உன் வீட்டு அடுப்பு அணைஞ்சுபோச்சா?" என்றான் ஒரு மீன்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆல்பன் சிரிக்கவில்லை. கரண்டி கரண்டியாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டே இருந்தான். புட்டியின் அடியிலாவது எரியாதா என்று தேடினான். அந்த ஒரு நிமிடம் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

5

சாயங்காலமே திரும்பிவிட்டான். அவர்கள் சமையலறை ஜன்னலும் என் ஜன்னலும் எதிரெதிர். பேசினது அத்தனையும் காதில் விழுந்தது.

"புட்டியை மாத்திக் குடுத்துட்டியா? ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்..."

"எனக்கா தெரியாது?"

"என் மேல கோபமா?"

"கோபம் இருந்தா எரிஞ்சிருக்குமே, ஆல்பன்."

நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டு வார்த்தை திட்டிடேன் எஸ்லின்" என்றான்.

"சாப்பிடு. மீன் ஆறுது."

"சாஸ் இருக்கா?"

6

ஜன்னல் விளிம்பில் இரண்டு புட்டிகள் மிச்சம் இருந்தன. ஒன்று மணம், ஒன்று காரம். எஸ்லின் கையை நீட்டினாள்.

காரத்தை வைத்தால், அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவான், அடுத்த வாரம் வண்டி கிரென்வில்லுக்குப் போகும். மணத்தை வைத்தால், அந்த வீட்டில் அவன் இனி விருந்தாளி. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவன் தின்ற தட்டைக் கழுவுகிறவள் எஸ்லின்தான். அதை மட்டும் என்னால் மாற்றி எழுத முடியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

புட்டி உங்கள் பக்கம் இருக்கிறது. மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், அவசரப்படாமல். முதலில் பழ வாசனைதான் வரும். பிறகு சுள்ளென்று ஏறினால், அவன் பிழைத்தான்.