நல்ல துணி

வீடு வீடாகத் துணி கேட்டுப் போவதைவிடப் பேசாமல் பரீட்சையில் தோற்றுவிடலாம். எங்கள் கல்லூரியில் அதற்கும் வழியில்லை. சமூக சேவை செய்தால்தான் பட்டம். மூன்றாம் வருடத்தில் நான் குழுத் தலைவி ஆகிவிட்டேன். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் என் தகுதி.

எங்கள் முறை எளிது. வெள்ளிக்கிழமை குடியிருப்பின் ஒவ்வொரு கதவிலும் ஒரு மஞ்சள் பையை மாட்டிவிட்டு வருவோம். ஞாயிற்றுக்கிழமை போய், துணியோடு வெளியே இருக்கும் மஞ்சள் பைகளை எடுத்துக்கொள்வோம். கதவைத் தட்டுவதை எப்போதோ விட்டுவிட்டோம். தட்டினால், "வீட்ல யாரும் இல்ல" என்று உள்ளேயிருந்தே குரல் வரும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒருநாள் கண் தானம், மறுநாள் மரக்கன்று, அதற்கு மறுநாள் நாய்க்குட்டி என்று யாராவது மணியடித்துக்கொண்டே இருந்தால், மனுஷன் எத்தனை தரம்தான் இரக்கப்படுவான்?

பைகளில் வருவதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஜிப் போன பேண்ட், ஒற்றைக் கால் சாக்ஸ், ஒருமுறை யாரோ ஒருவரின் பல்செட். குப்பைத்தொட்டி வரை நடக்கச் சோம்பல்பட்டவர்கள் எங்களுக்குத் தானம் செய்தார்கள்.

அந்த ஞாயிறு, மூன்றாவது மாடிப் படியோரத்தில் இருந்த பையை நெட்டை பிரித்தான். நெட்டை என் வகுப்பு. குழுவில் எனக்கு மிஞ்சிய ஒரே துணை. உள்ளே சட்டைகள், எல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, காலர் கலையாமல் மடித்திருந்தது. தொட்டால் இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

"தேச்சே குடுத்திருக்காங்க பாரேன்," என்றான்.

சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாள் கந்தலையே வாங்கி அலுத்த எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பிரித்து வைக்கக்கூடப் பொறுமையில்லை. நேரே வீடில்லாதவர்கள் தங்கும் விடுதிக்குப் போய், ஆண்கள் கூடத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டோம். அவர்களும் உடனே போட்டுக்கொண்டார்கள்.

சந்தோஷமாகக் கல்லூரிக்குத் திரும்பினால், எங்கள் குழுவின் அறை வாசலில் இஸ்திரிக்காரம்மா நின்றிருந்தார். வேறொரு கதவில் தொங்கிய மஞ்சள் பையில் அச்சடித்த விலாசத்தைப் பார்த்து வந்திருந்தார். அந்தக் குடியிருப்புக்கே அவர்தான் துணி தேய்க்கிறார். கைப்பிடி உறுதியாக இருக்கிறதே என்று, யாரோ வேண்டாமென்று போட்ட எங்கள் பையில் தேய்த்த சட்டைகளை அடுக்கியிருக்கிறார். அதைப் படியோரம் வைத்துவிட்டு மேல்மாடிக்குப் போய் இறங்கி வந்தால், பையைக் காணோம்.

சட்டைகளை விடுதியில் கொடுத்துவிட்டதைச் சொல்லி நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நாளைக்குக் காலையில அவங்கல்லாம் வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போற சட்டைம்மா. அழுக்கா இருந்தாலும் பரவால்ல, நானே அலசித் தேச்சுக்கறேன். வீடு வீடா போய்ச் சேரலைன்னா இனிமே ஒருத்தரும் எங்கிட்ட துணி போட மாட்டாங்க. எனக்கு இது ஒண்ணுதான் பொழப்பு."

அவர் கத்தியிருந்தால் தேவலை. பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் போய்வரும் வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

வழி நெடுக நெட்டையும் நானும் என்ன சொல்வது என்று யோசித்தோம். உள்ளதை உள்ளபடி சொல்லலாம் என்றான். பதிலுக்கு வேறு துணி தருவதாகச் சொல்லலாம் என்றேன். எதை, அந்த ஜிப் போன பேண்டையா என்று கேட்டான். கொடுத்ததைத் திரும்பக் கேட்க எனக்கு நாக்கு எழாது.

கூடத்துக்குள் நுழைந்தோம். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் ஆளாளுக்குச் சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கழற்றியதை மடித்துக் கதவோரக் கட்டிலில் வைத்துவிட்டு, தங்கள் பழைய பனியனைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் மட்டும் நொண்டிக்கொண்டே வந்து, தன் சட்டையை என் கையிலேயே கொடுத்தார்.

"போட்டோல்லாம் நல்லா வந்துச்சாம்மா? போன தடவை வந்தவங்க, எடுத்து முடிச்ச கையோட நிக்க வச்சே கழட்டி வாங்கிட்டாங்க. நீங்க சாப்பிடற வரைக்குமாவது விட்டீங்க."

நாங்கள் அந்த மாதிரி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் போட்டோ எடுத்துத்தான் இருந்தோம். நெட்டையின் போனில் இதே சட்டையோடு இவர் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டையும் இப்போது என் கையில்தான் இருந்தது. அவமானத்தில் எனக்கு அழுகை முட்டியது. வேறொன்றும் தோன்றாமல், துணி தருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"ரொம்ப நன்றிங்க."