முப்பத்தேழாவது வரிசை

சரக்குக் கிடங்கில் அவருக்கு வைத்திருந்த பேர் சீல் சார். லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளின் சீல் உடையாமல் இருக்கிறதா, பெட்டி மேல் எழுதியிருப்பதும் கையிலிருக்கும் காகிதமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவர் தலைவலி இல்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூட அவர் திறந்து பார்த்தது கிடையாது. ஆனால் சீல் உடைந்திருந்தால், ஓட்டுநர் காலில் விழுந்தாலும் சரக்கு வாசல்படி தாண்டாது.

அப்படிப்பட்ட ஆளிடம் போய் ஒரு போன் வாங்கி வரச் சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

போன் அவருக்காக இல்லை, மகளுக்காக. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை நோய். மேல்கையில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அதன் பக்கத்தில் போனைக் கொண்டுபோனால் ஒரு சத்தம் வரும், திரையில் சர்க்கரை அளவு தெரியும். இவ்வளவு நாளும் மனைவியின் பழைய போன் அதைச் சமர்த்தாகச் செய்துகொண்டிருந்தது. அது துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்து உயிரை விட்ட அன்றிலிருந்து, பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவை விரலில் ஊசிக் குத்து.

"போன் வாங்கும்போது என்.எஃப்.சி. இருக்கான்னு பாத்து வாங்குங்க. அது இல்லன்னா சென்சாரைப் படிக்காது" என்று மருத்துவமனை நர்ஸ் சொல்லியிருந்தார். அவர் சொன்னது அந்த ஒன்றே ஒன்றுதான். சீல் சாரின் போனில் அது கிடையாது.

மனைவி ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு ஆயிரம் காகிதத்தைப் பார்ப்பதாலோ என்னவோ, காகிதத்தின்மேல் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. அன்று மாலையே அவள் சொன்னாள்: "பிள்ளையைக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. கைல வெச்சுப் பாருங்க. எது சத்தம் போடுதோ அதை வாங்கிட்டு வாங்க. செருப்பு எப்படி வாங்குவோம்? கால்ல போட்டுப் பாத்துத்தானே?"

"கடையில வெளிய வெச்சிருக்கிறதெல்லாம் பத்துப் பேர் தொட்ட போன். சீல் உடைஞ்சது. அதை வெச்சு எப்படி முடிவு பண்றது? எல்லாம் காகிதத்துல இருக்கும். ஒப்பிட்டுப் பாத்து வாங்கலாம். இரு, அவசரப்படாதே."

அவசரப்படாமல் அவர் உட்கார்ந்தார். கிடங்கில் சரக்கு வரவுக்கென்று ஒரு படிவம் உண்டு. அதே மாதிரி கட்டம் போட்டார். மேலே பதினொரு போன்கள், பக்கவாட்டில் நாற்பத்திரண்டு வரிசைகள். அதைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொடுத்தவளே மனைவிதான். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துக் கொடுத்தாள்.

அப்புறம்தான் வந்தது வினை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பாஷை கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ரேம் எட்டு என்று ஒன்றில் போட்டிருந்தது. இன்னொன்றில் எட்டுக் கூட்டல் எட்டு. ஆஹா, பதினாறு என்று மகிழ்ந்துபோய் எழுதினார். மூன்று நாள் கழித்து, அந்த இரண்டாவது எட்டு ரேமே இல்லை, படம் பாட்டெல்லாம் சேமிக்கிற இடத்திலிருந்து கடன் வாங்கிக் காட்டுகிற எட்டு என்று தெரிந்தது. இப்படியும் ஏமாற்றுவார்களா என்று அடித்துத் திருத்தினார். கேமராவில் நூற்றெட்டு மெகாபிக்சல் என்றவன், எடுத்த படத்தைப் பன்னிரண்டாகச் சுருக்கித்தான் தருகிறானாம். அப்புறம் எதற்கு நூற்றெட்டு? திரைக்கு ஹெர்ட்ஸ், வெளிச்சத்துக்கு நிட்ஸ், சில்லுக்கு நானோமீட்டர். ஹெர்ட்ஸ் கூடினால் நல்லது, நானோமீட்டர் குறைந்தால் நல்லது. எதைக் கூட்டிப் பார்ப்பது எதைக் குறைத்துப் பார்ப்பது என்று ஒரு இடத்திலும் ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. சாப்பிடும்போதும் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"பேட்டரிக்கு எம்.ஏ.எச்.னு போட்டிருக்கானே, அது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்கெதுக்குங்க தெரியணும்? பிள்ளை விரலைப் பாத்தீங்களா நீங்க?"

அவர் பார்க்கவில்லை. ஊசி எடுக்கிற நேரம் வந்தால் பால்கனிக்கோ குளியலறைக்கோ போய்விடுவது அவர் வழக்கம். பெற்ற பிள்ளையின் ரத்தத்தைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. அதை வெளியே சொல்லிக்கொள்கிற தைரியமும் இல்லை. கட்டம் போட்ட தாளுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டியதில்லை என்பது அவருக்கே தெரியாமல் அவர் கண்டுபிடித்த வழி.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்போடு இரண்டு நாள் முகாம். வகுப்பு டீச்சர் மனைவியைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "போனைக் கைல வெச்சுப் பாக்கணும்னா ஒரு நாளைக்குப் பத்துத் தடவைகூடப் பாக்கறேன்மா. ஊசியால குத்தச் சொன்னா என்னால முடியாது. ரத்தத்தைப் பாத்தா எனக்குத் தலை சுத்தும். போன் வந்தாத்தான் அவளைக் கூட்டிட்டுப் போக முடியும்."

பெண் பையை எடுத்து அடுக்கிவைத்துவிட்டாள். அதற்கப்புறம் தினமும் ஒரே கேள்விதான். "அப்பா, எந்த வரிசை வந்திருக்கு?"

"இருபத்தொன்பது."

"இன்னும் பதிமூணா?"

"பதிமூணு."

முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கட்டம் நிறைந்தது. பதினொன்றில் பத்து அடிபட்டு ஒன்று நின்றது. அவர் கடைக்குப் போனார், தனியாக. "திறந்து காட்டவா சார்?" என்று கடைப்பெண் கேட்டபோது, "திறக்காதீங்க. சீலோட வேணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். சீலை நான்கு பக்கமும் தடவிப் பார்த்தார். மனசு நிறைந்துபோனது.

வீட்டில் சீலை அவர்தான் உடைத்தார். மனைவி புதுச் சென்சாரை எடுத்துப் பிள்ளையின் கையில் ஒட்டினாள். மருத்துவமனைச் செயலியை இறக்கி, போனைக் கையருகே கொண்டுபோனார்கள்.

சத்தம் வரவில்லை.

மேலே வைத்தார்கள், கீழே வைத்தார்கள், திருப்பி வைத்தார்கள். போனின் உறையைக் கழற்றினார்கள். அணைத்துப் போட்டார்கள். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்றாள், தான் ஆடுவதால்தான் வரவில்லையோ என்று. செட்டிங்ஸில் என்.எஃப்.சி. என்ற சொல்லையே காணோம்.

அவர் தாளை விரித்தார். முப்பத்தேழாவது வரிசை: என்.எஃப்.சி. அதற்கு நேரே அவர் கையெழுத்தில் கொட்டை எழுத்தாக 'உண்டு'. கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டார். நாற்பது நிமிஷம் இசை கேட்க வைத்தபின் ஒருவன் வந்தான்.

"சார், உங்க போன்ல அந்த வசதி இல்ல சார்."

"உங்க வெப்சைட் பக்கத்துலயே போட்டிருக்கே, உண்டுன்னு!"

"அது அதே பேர்ல இருக்கிற வேற மாடல் சார்."

"ஒரே பேரு, ஒரே டப்பா, ஒரே நிறம். வேற மாடலா?"

"மாடல் நம்பர்ல கடைசி எழுத்து மாறும் சார். பக்கத்தோட அடியில சின்ன எழுத்துல போட்டிருக்கோம். விற்கிற இடத்தைப் பொறுத்து சில வசதிகள் மாறும்னு."

"இல்லாததை இல்லைன்னு டப்பாவுல எழுதறதுக்கு என்னய்யா கேடு உங்களுக்கு?"

"இருக்கிறதைத்தான் சார் எழுதுவோம். இல்லாததை யாரும் எழுத மாட்டாங்க. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது அவருக்கு. யார்மேல் கோபப்படுவது? உதவி எண்காரன்மேலா, கம்பெனிமேலா, அந்தச் சின்ன எழுத்தின்மேலா? எல்லார்மேலும் வந்தது. அதற்கும்மேல் தன்மேலேயே வந்ததை மட்டும் விழுங்கிக்கொண்டார். மனைவி திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போல பால்கனிக்குப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. மனைவிக்குக் கடையில் வேலை. போனை மாற்றிவரக் கிளம்பியவரிடம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "இவளையும் கூட்டிட்டுப் போங்க. ஊசிப் பெட்டி இவ பைல இருக்கு. பன்னிரண்டரைக்கு ஒரு தடவை பாக்கணும்." அவர் தலையை ஆட்டினார்.

கடையில் அதே பெண். பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் சங்கடத்தோடு சொன்னாள்: "சார், மன்னிச்சுக்கோங்க. சீல் உடைஞ்சிருந்தா நாங்க திருப்பி எடுக்க முடியாது."

பதினெட்டு வருஷமாகத் தினம் பத்துப் பேரிடம் அவர் சொல்லிவந்த வாக்கியம் அது. அதே குரல், அதே முகம். வெயிலில் காய்ந்து வந்த எத்தனை ஓட்டுநர்கள் இதைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லத் தெரியாமல் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றிருக்கிறார்கள்! இப்போது அவர் அப்படி நின்றார்.

"அக்கா" என்று கூப்பிட்டாள் பிள்ளை. "அங்க வெச்சிருக்கிற போனை எல்லாம் நான் தொட்டுப் பாக்கலாமா?"

"தாராளமா பாரும்மா."

பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். வரிசையாக வைத்திருந்த போன்கள் ஒவ்வொன்றின் முதுகிலும் தன் மேல்கையைக் கொண்டுபோய் வைத்தாள். முதல் போன், ஒன்றுமில்லை. இரண்டாவது, இல்லை. கடைப்பெண் விஷயத்தைக் கேட்டறிந்து தானும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். போன் வாங்க வந்திருந்த ஒரு ஆளும் தன் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து, "இதையும் வெச்சுப் பாரு பாப்பா" என்றார். அதிலும் இல்லை.

ஏழாவது போன் டிங் என்றது.

பிள்ளை எடுத்து, மறுபடி வைத்தாள். மறுபடி டிங். முகமெல்லாம் பல்லாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்குள் நுழைந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவர் அந்தப் போனை வாங்கிப் பார்த்தார். சின்னத் திரை, ரேம் நான்கு, சில்லு பழையது. இந்தப் போனை அவருக்குத் தெரியும். பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தார்.

பிள்ளை எட்டிப் பார்த்தாள். "இது நம்ம லிஸ்ட்ல இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு."

"எத்தனாவது?"

"முதல்ல."

முதல் கட்டம். முதல் நாள், முதல் ஒரு மணி நேரத்திலேயே, ரேம் போதாது என்று மூன்றாவது வரிசையில் சிவப்பு மையால் அடித்துத் தள்ளியது. அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு கட்டம்கூட நிரப்பியிருக்கவில்லை. முப்பத்தேழாவது கட்டமும் காலி. அன்றிலிருந்து பத்தொன்பது நாள். ஒரு நாளைக்கு ஆறு. கணக்குப் போட அவருக்குத் தாள் தேவைப்படவில்லை. நூற்றுப் பதினாலு.

அதே மாடலில் ஒரு புதுப் போனை வாங்கிக் கடையிலேயே திறந்தார்கள். செயலியை ஏற்றி, கையில் வைத்து, டிங் என்றதும், சென்சார் தயாராக இன்னும் அறுபது நிமிஷம் ஆகும் என்று திரையில் வந்தது. மணி பன்னிரண்டரை.

"அப்பா, குத்தணும்" என்றாள் பிள்ளை.

கடையில் ஓரமாக ஒரு பெஞ்ச் இருந்தது. தப்பித்துப் போக அங்கே பால்கனி இல்லை. ஊசிப் பேனாவை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள், எப்படிப் பிடிப்பது என்று அவள்தான் காட்டினாள். அவர் அவளுடைய இடது கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

விரல் நுனிகளில் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. ஆள்காட்டி விரலில் தோல் காய்த்துப்போயிருந்தது. எந்தப் பெட்டியின் மேலும் இவ்வளவு நெருக்கமாக எழுதி அவர் பார்த்ததில்லை. எண்ண ஆரம்பித்தார். மோதிர விரலுக்கு வரும்போது எண் விட்டுப்போனது.

"நடுவுல வேண்டாம்பா, அங்க குத்தினா பென்சில் பிடிக்கும்போது வலிக்கும். ஓரமாக் குத்துங்க" என்றாள். "சுண்டு விரல்ல குத்துங்க. அதுலதான் இன்னும் இடம் இருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொள்ளாமல், சுண்டு விரலைப் பிடித்து, ஓரமாகக் குத்தினார்.