உப்புத்தரைக்கு வைத்த பெயர்

அரியாலை கிழக்கில் தியாகலிங்கத்தார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு புதன்கிழமை முற்பகல் நெல்லியடிக்குக் குடிபெயர்ந்தது. கிணறு இருந்த இடத்திலேயே இருந்தது. கப்பி, கயிறு, வாளி, கிணற்றுக் கட்டில் காயப்போட்டிருந்த துவாய் எல்லாம் அப்படியே இருந்தன. தண்ணீர் மட்டும் போய்விட, அந்த இடத்தில் வேறொரு தண்ணீர் வந்து நின்றது. விஷயம் தெரியாத குணலட்சுமி அதில் தேத்தண்ணீர் போட்டுக் கணவனிடம் கொடுத்தார். ஒரு வாய் குடித்த தியாகலிங்கம், சீனிப் போத்தலுக்கும் உப்புப் போத்தலுக்கும் வித்தியாசம் தெரியாத வயது உனக்கு அதற்குள் வந்துவிட்டதா என்று கேட்டார். அதன் பிறகு அன்று அந்த வீட்டில் மத்தியானச் சமையல் நடக்கவில்லை.

அந்தக் கிணறு முன்பும் உப்புக் கிணறுதான். கடல்நீர் ஏறுகிற களப்புக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு எப்படி இருக்கும்? பவுசர் லொறியில் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் அந்த ஒழுங்கை குடித்தது. அது நல்ல தண்ணீரானது அவர்களுடைய மகள் தனுஷிகாவால். அவளும் நெல்லியடிப் பிரணவனும் ஒன்றாகக் கம்பியூட்டர் படித்தவர்கள். யாழ்ப்பாணம் நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்து, மீனவர் சங்கங்கள் ஏலத்துக்குப் பயன்படுத்த ஒரு மென்பொருள் எழுதினார்கள். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, யாருக்கு என்ன பங்கு என்று அது சொல்லும். இப்படியான வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். ஒரு துண்டுக்குப் பெயர் மொடியூல். ஒவ்வொரு மொடியூலுக்கும் ஒரு பெயர் வேண்டும். பிரணவன் வைத்த பெயர்கள் நியூ, நியூ ரெண்டு, பைனல், கடைசிப் பைனல். மூன்றாம் மாதம் கடைசிப் பைனலுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

தனுஷிகாதான் காணிப் பெயர்களை வைத்தாள். குடாநாட்டில் பெயரில்லாத காணி கிடையாது. மனிதர் பிறக்குமுன் காணிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பங்கு பிரிக்கிற மொடியூலுக்குத் தன் வீட்டு வளவின் பெயரான பூவரசடியைக் கொடுத்தாள். ஏலத்துக்கு ஆலடி, படகுகளுக்குத் தோணித்துறை, இப்படியே அயல் முழுவதையும் உள்ளே கொண்டுவந்தாள். பிழையான எடை, இல்லாத படகு, குழம்பிய கணக்கு எல்லாம் போய் விழுகிற மொடியூலுக்கு, களப்போரம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த உப்புத்தரையின் பெயர்.

"ஒரு காணிக்குள்ளாலை மற்றக் காணிக்குப் போறதெண்டால் படலையாலைதான் போகவேணும். வேலி பாயக்கூடாது. கம்பியூட்டர் கோட்டும் அப்பிடித்தான்," என்றாள்.

"உன்ரை வீட்டுப் படலை எப்பவும் திறந்துதானே கிடக்கு," என்று பிரணவன் சிரித்தான்.

அந்த மென்பொருள் முதன்முதல் பிழையில்லாமல் ஓடிய நாள் பூவரசடிக் கிணறு இனித்தது. உப்பெல்லாம் உப்புத்தரைக்குப் போய் வெள்ளையாகப் படிந்தது. தண்ணீரைச் சோதிக்க வந்த அதிகாரி மூன்று போத்தலில் எடுத்துப்போனார். மூன்றையும் வழியிலேயே குடித்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். ஒழுங்கைச் சனம் குடங்களோடு வந்தது. தியாகலிங்கம் வெண்டியும் மிளகாயும் வைத்தார். பவுசர் அந்தப் பக்கம் திரும்புவதை நிறுத்தியது. ஞாயிறுகளில் பிரணவன் சாப்பிட வருவான். குணலட்சுமி செம்பில் தண்ணீர் கொடுப்பார். "அன்ரி, எங்கடை வீட்டுத் தண்ணி கேத்தலிலை கல்லாய்ப் படியுது. இது மாதிரித் தண்ணி நான் எங்கையும் குடிக்கேல்லை," என்பான். இரண்டு வருடம் அப்படிச் சொன்னான். இரண்டு வீட்டிலும் கலியாணப் பேச்சு, பேசாமலே முடிவாகியிருந்தது. கோட் இருந்த இணையக் கணக்கை அவன் பெயரில் திறக்கச் சொன்னதும் தனுஷிகாதான். வேறு யாருடைய பெயரில் திறப்பது என்று அன்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவள் கீரிமலை போயிருந்த புதன்கிழமை, பிரணவன் மொடியூல்களுக்கெல்லாம் நெல்லியடியிலுள்ள தன் குடும்பக் காணிகளின் பெயரை மாற்றி வைத்தான். பூவரசடி அவனுடைய வீட்டு வளவான கொய்யாவடி ஆனது. பெயர் மாற்றிய ஒவ்வொன்றுக்கும் அவள் நுழைய முடியாதபடி பூட்டுப் போட்டான். தண்ணீர் பெயரின் பின்னால் போனது.

தனுஷிகா மறுநாள் பருத்தித்துறை பஸ் ஏறி நெல்லியடியில் இறங்கினாள். கொய்யாவடிப் படலையில் குடங்கள் வரிசையாக இருந்தன. பிரணவன் கிணற்றடியில் நின்றான்.

"பேரை மட்டும்தானே மாத்தினனான்," என்றான் அவள் வாய் திறக்குமுன்னரே. "கோட் ஒரு வரியும் தொடேல்லை."

"தண்ணி வருமெண்டு தெரிஞ்சுதான் மாத்தினனியோ?"

அவன் கப்பியைப் பார்த்தான். "ஓம்," என்றான்.

பொய் சொல்லியிருந்தால்கூட அவள் கொஞ்சம் தாங்கியிருப்பாள். இரண்டு வருடமாக அம்மாவின் கையால் வாங்கிக் குடிக்கும்போதெல்லாம் அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அந்த நேரம் பிரணவனின் தாய் தங்கமுத்து வாளியை இழுத்தார். வாளிக்குள் ஒரு செம்பு வந்தது. போன மாதம் குணலட்சுமியின் கை நழுவிப் பூவரசடிக் கிணற்றில் விழுந்த செம்பு. விளிம்பில் நெளிவு, அடியில் கு.தி. என்ற எழுத்து. தங்கமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் துடைத்துத் தனுஷிகாவிடம் நீட்டினார்.

"இது எங்கடை இல்லைப் பிள்ளை. கொண்டு போ," என்றார்.

வீட்டுக்கு வந்து கம்பியூட்டரைத் திறந்தபோதுதான் தனுஷிகா மிச்சத்தைக் கண்டாள். எல்லாம் பூட்டியிருந்தது, ஒன்றைத் தவிர. உப்புத்தரையின் பெயரை அவன் மாற்றவில்லை. உப்பை எந்தக் காணிக்குத்தான் கூப்பிடுவான்? நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டு அதை மட்டும் அவர்களுக்கு விட்டிருந்தான். குப்பையை யார் களவெடுப்பார்கள் என்று பூட்டும் போடவில்லை. தண்ணீர் போனதைவிட இதுதான் அவளுக்கு நெஞ்சில் குத்தியது.

அந்த மொடியூலுக்குக் கொய்யாவடி என்று பெயர் வைக்க விரல் போனது. வரிசையில் நின்ற குடங்களும் தங்கமுத்துவின் முகமும் நினைவுக்கு வந்தன. விரலை எடுத்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவி வந்து, உப்புத்தரை என்பதை அழித்துவிட்டு, பிரணவன் என்று அடித்தாள். அதற்குத் தன் பூட்டையும் போட்டாள்.

அரியாலைக் கிணற்றில் உப்பு வருவது நின்றது. பழைய இனிப்பு வரவில்லை, ஆனால் குடிக்கலாம், வெண்டிக்கும் விடலாம். உப்புத்தரையில் புல் முளைத்தது. மாலையில் தொலைபேசி அடித்தது.

"எதைக் குடிச்சாலும் உப்புக் கரிக்குது, தனு. எங்கடை கிணத்துத் தண்ணியும். என்ன செய்தனி?"

"பேரை மட்டும்தான் மாத்தினனான். கோட் ஒரு வரியும் தொடேல்லை."

அதன் பிறகு அவன் தொலைபேசி எடுக்கவில்லை. கிணறு பறிபோகும் என்ற பயத்தில் பூட்டுகளையும் திறக்கவில்லை. குடாநாட்டில் எந்தத் துறையில் எடை பிழைத்தாலும் அவன் சேட்டுக் கழுத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்தது. சங்கங்கள் பெருகப் பெருக அதுவும் பெருகியது. நெல்லியடிச் சனம் நல்ல தண்ணீர் குடித்தது. கலியாண வீடுகளில் அவனுக்கு உப்பில்லாத சோறு தனியாக எடுத்து வைப்பார்கள். அப்படியும் கரிக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, சிலருக்குச் சீனி வருத்தம் இருப்பதுபோல இவனுக்கு இது.

சில வருடங்களுக்குப் பின் தியாகலிங்கம் இறந்தபோது பிரணவன் செத்தவீட்டுக்கு வந்தான். குணலட்சுமி, வந்தவர்களுக்குக் கொடுத்ததுபோல, அவனுக்கும் அந்த நெளிந்த செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவன் முழுவதையும் குடித்தான்.

"தண்ணி எப்பிடி, தம்பி?" என்று கேட்டார் பழைய பழக்கத்தில்.

"நல்லாயிருக்கு, அன்ரி," என்றான்.

தனுஷிகா செம்பை அவன் கையிலிருந்து வாங்கிக் கழுவி, அடுத்து வந்தவருக்கு அதில் தண்ணீர் வார்த்தாள்.