மாற்று ஆள் வரும் வரை

கம்பெனி கேட்டில் தொங்கும் திரைக்குள் ஒரு நேரத்தில் ஒருத்திதான் வரலாம். வந்தவள் கைகளைத் தூக்குவாள். காவலுக்கு நிற்கிற கேட்டக்கா அவளுடைய அக்குள், முதுகு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மேலிருந்து கீழே தடவிப் பார்த்துவிட்டு "போ" என்பாள். உள்ளே செல்போன் சார்ஜர் செய்கிறார்கள். ஒரு துண்டுச் செம்புக் கம்பிகூட யார் இடுப்பிலும் ஒளிந்துகொண்டு வெளியே போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இந்தத் தடவல்.

"அக்கா, நீ சோதிக்கிறது போதாதுன்னு உன் வயித்துக்குள்ள இருக்கறதும் என்னை இடிச்சு இடிச்சுச் சோதிக்குது" என்றாள் கம்பியில் ஈயம் உருக்கிச் சூடு வைக்கிற லைனில் வேலை பார்க்கும் பெண்.

"அதுக்கும் சேர்த்துச் சம்பளம் கேக்கணும்" என்றாள் கேட்டக்கா. "போ."

ஐம்பது வயதுக்காரிகளுக்கும் அவள் கேட்டக்காதான். எட்டாம் மாத வயிறு. நீலச் சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் போன மாதமே பூட்ட மறுத்துவிட்டன. ஆண்கள் பக்கம் இரண்டு காவலாளிகள் மாற்றி மாற்றி டீ குடிக்கப் போவார்கள். பெண்கள் பக்கம் இவள் ஒருத்தி. மாற்று ஆள் வந்து திரைக்குள் நின்ற பிறகுதான் இவள் வெளியே கால் வைக்கலாம். அந்த மாற்று ஆளுக்குப் பக்கத்துக் கம்பெனி கேட்டும் சேர்த்து வேலை. வந்தால் வந்ததுதான்.

இதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். டூட்டி நாளில் வயிற்றைக் காயப்போட்டுவிடுவாள். முதல் நாள் சாயங்காலம் சாப்பிடுவதோடு சரி, வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் அடுத்த வாய். நடுவில் நாக்கை நனைக்கக் கொஞ்சம் தண்ணீர். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே ஒன்றும் வராது.

மூத்தவள் பிறந்தபோது தலையில் இடுக்கி போட்டு இழுத்தார்கள். கீழே பின்வழி வரைக்கும் கிழிந்துவிட்டது. வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தைத்தார்கள். நல்லாத் தைச்சாச்சு, ஆறிடும் என்றார்கள். ஆறத்தான் செய்தது. ஆனால் வெளிக்கு முட்டுகிறது என்று தெரிந்த மறுகணம் வந்துவிடும். முன்போல நிறுத்தி வைக்கிற பிடி போய்விட்டது. பிள்ளை பெற்ற எல்லாருக்கும் இப்படித்தானா, தனக்கு மட்டும்தானா என்று யாரிடமாவது கேட்க நினைத்தாள். வாய் வரவில்லை. மகளுக்கு நாலு வயதாகிவிட்டது.

இந்தப் பிள்ளைக்காக முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாத்தனார் கூட வந்திருந்தாள். வீட்டையும் மகளையும் பார்த்துக்கொள்பவள் அவள்தான். மனசு நல்ல மனசு, வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. டாக்டர் சின்ன வயதுப் பெண். பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, "போன தடவை ரொம்பக் கிழிஞ்சிருக்கே. இப்ப மோஷன் போறதெல்லாம் கண்ட்ரோல் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு டாக்டர்."

அவள் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் திரைக்குள் ஒரு நாள்கூட மானம் போனதில்லை. அதற்குப் பேர் கண்ட்ரோல் இல்லாமல் வேறு என்ன?

"அப்ப நார்மலாவே பார்க்கலாம்" என்று டாக்டர் எழுதிக்கொண்டாள். நாத்தனாருக்குப் பரம திருப்தி.

அடுத்தடுத்த தடவைகளில் வயிற்றை அளந்தபோது டாக்டரின் முகம் சுருங்கியது. ஒன்பதாவது மாதம் தொடங்கிய வாரம் மகளுக்குக் காய்ச்சல். நாத்தனார் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

"பிள்ளை எடை ஏறவே இல்லையே. என்ன சாப்பிடறீங்க?"

"லீவு நாள்ல நல்லாச் சாப்பிடுவேன்."

"மத்த நாள்ல?"

"டூட்டிக்கு முன்னாடி சாப்பிட மாட்டேன் டாக்டர்."

"ஏன்?"

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கேட்டக்கா அதைப் பார்த்தாள். பிறகு மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்வதற்கு அதிகம் இல்லை, நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. வேறு யாருடைய சங்கதியையோ சொல்வதுபோல இருந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"கண்ட்ரோல் இருக்கான்னு கேட்டீங்க. இருந்துச்சு."

டாக்டர் அவளைப் படுக்க வைத்துப் பரிசோதித்தாள். கை கழுவி வந்து உட்கார்ந்து நிதானமாகப் பேசினாள். பின்வழியைச் சுற்றிச் சுருங்கி விரிகிற சதை பாதி பிடிப்பில்தான் இருக்கிறது. நார்மலாகப் பெற்றால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். மறுபடி கிழிந்தால் இருக்கிற பிடியும் போய்விடலாம். திரும்பத் தைத்தாலும் பழையபடி நிற்காது. ஆபரேஷன் என்றால் கீழே ஒன்றும் ஆகாது, ஆனால் அதுவும் வயிற்றைக் கிழிக்கிற வேலைதான், அதற்கு உண்டான ஆபத்து அதற்கும் உண்டு.

"நீங்களே சொல்லுங்க டாக்டர், எதுன்னு."

"நான் என் கருத்தைச் சொல்லலாம். முடிவு உங்களோடது."

அவளிடம் யாரும் இப்படி எதையும் கொடுத்ததில்லை. கொடுத்ததை எங்கே பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"எதுல சீக்கிரம் எந்திரிச்சு நிக்கலாம்?"

"நார்மல்லதான். ஆபரேஷன்னா ரெண்டு மாசமாவது குனிஞ்சு நிமிர்ற வேலை கூடாது" என்றாள் டாக்டர். "ஆனா அந்தப் பிடியும் போயிடுச்சுன்னா, பட்டினி கிடந்தாலும் உங்க கேட்ல நிக்க முடியாதும்மா."

வீட்டில் ஆபரேஷன் என்ற பேச்சைக் கேட்டதும் நாத்தனார் கொதித்துப் போனாள். "நான் மூணு பெத்தேன். மூணாவதைப் பெத்துட்டு அன்னைக்கே எந்திரிச்சுப் பாத்திரம் கழுவினேன். சும்மா இருக்கற வயித்துல எதுக்குக் கத்தியை வைக்கணும்?"

"உங்களுக்குக் கிழியலையே அண்ணி."

"எனக்கு மட்டும் என்ன, இரும்பாலயா பண்ணியிருக்கு? எல்லாருக்கும்தான் கிழியும். ஆறிடும்."

படுக்கப் போகும்போது கேட்டக்கா கணவனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் தன் கையைப் பார்த்தான்.

"அதனாலதான் சுவரோரமாத் தள்ளிப் படுத்தியா?"

"ம்."

"என் மேல அடிக்கற ரப்பர் வாடை உனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். நாலு வருஷமா சோப்பு மாத்தி மாத்திப் போடறேன்."

அவன் போர்வையை இழுத்து அவள் காலை மூடினான்.

"ஆபரேஷனே பண்ணிக்கோ. அக்காகிட்ட நான் பேசறேன்."

"வேலை போயிடும்."

"அந்தாள்கிட்டக் கேட்டுப் பாரு. கேட்டாத்தானே தெரியும்."

அந்தாள் என்றால் கேட்டுகளுக்குக் காவல் ஆள் அனுப்பும் ஏஜென்சியின் மேற்பார்வையாளர். மோட்டார் சைக்கிளிலேயே எல்லா கேட்டுக்கும் சுற்றுகிறவர், நின்று பேசினால் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்பதுபோல என்ஜினை அணைக்காமல் பேசுவார். கேட்டக்கா சொன்னதும் நெற்றியைச் சொறிந்தார்.

"போன தடவை ஒருத்தி ஆபரேஷன்னு போனா. வந்து, குனிய முடியல சார்ங்கறா. கணுக்காலை யார் தடவறது? நார்மல்னா பிரச்சினை இல்ல, புதுப் பொண்ணை ஒப்புக்கு நிக்க வச்சுச் சமாளிச்சிடுவேன்."

"நார்மல் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க சார்." முடிவு தன்னுடையது என்று அவள் சொல்லவில்லை.

"சரி. கடைசி நாள் வரைக்கும் லீவு போடாம நில்லு. கம்பெனிக்காரன்கிட்ட என் பேர் கெடக் கூடாது. அப்படி நின்னா உன் இடத்தை ஒரு மூணு மாசம் பிடிச்சு வைக்கிறேன். நடுவுல விட்டுட்டுப் போனேன்னா என்னைக் கேக்காதே."

டாக்டர் தேதி போட்டுக் கொடுத்தாள். சம்மதத் தாளில் கேட்டக்கா கையெழுத்துப் போட்டாள். அன்று டூட்டி இல்லாததால் வெளியே வந்து ஒரு பன்னும் டீயும் வாங்கி, அவசரமில்லாமல் தின்றாள். வலி கண்டால் தேதியைப் பார்க்காமல் உடனே ஓடி வரவேண்டும் என்று டாக்டர் மூன்று தரம் சொல்லியிருந்தாள்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு அவளுக்குக் கடைசி டூட்டி. பகலெல்லாம் இடுப்பு கடுத்தது. கால் கடுக்க நிற்பதால் என்று விட்டுவிட்டாள். மாலைச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் கடுப்பு இறுகி, வயிற்றைச் சுற்றி வளைத்துப் பிடித்து, பிறகு விட்டது. இன்னொரு தரம் பிடித்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரையை விலக்கி ஆண்கள் பக்கக் காவலாளியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, மாத்து ஆளை வரச் சொல்லு. வலி வந்துடுச்சு."

அவன் போன் போட்டான். மேற்பார்வையாளர் பத்து நிமிடத்தில் அனுப்புவதாகச் சொன்னார். சங்கு ஊதியது. பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். முற்றத்தைத் தாண்டி, லைன் கதவு வரைக்கும் வரிசை.

கைகளைத் தூக்கினார்கள். தடவினாள். குனிய முடியாதபோது திரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தடவினாள். பின்னால் யாரோ பஸ் போயிடும் என்று சத்தம் போட்டார்கள். சூடு வைக்கிற லைன்காரி உள்ளே வந்தாள். வேடிக்கை பேச வாயெடுத்தவள் கேட்டக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, வலியா? போக்கா. நான் தடவி அனுப்பறேன்."

"ஏஜென்சி ஆள்தான் தடவணும்" என்றான் காவலாளி வெளியிலிருந்து. அவன் குரலிலும் உயிர் இல்லை. "கேட்டுக்கு மேல கேமரா இருக்குப்பா. நான் என்ன பண்ணட்டும்? யாரையாவது சும்மா விட்டா என் வேலை போகும்."

"அப்ப கேட்டைத் திற. எங்களைத் தடவாம விடு."

"அதைத்தான் சொல்றேன், விட முடியாது."

மறுபடி போன் போட்டான். மறுபடியும் பத்து நிமிடம். பெண்கள் தாங்களாகவே சட்டைப் பையைப் புரட்டிக் காட்டினார்கள், காலைத் தூக்கிக் கணுக்காலை அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்தார்கள். கேட்டக்கா ஒவ்வொருத்தியிடமும் "போ" என்றாள். இறுக்கம் வரும்போது உள்ளே இருப்பதையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பழகிய வேலைதான்.

ஒரு தரம் பிடி நழுவி, கால் வழியாகச் சூடாக இறங்கியது. அவளுக்கு உயிரே போய்விட்டது. குனிந்து பார்த்தாள். வெறும் தண்ணீர். பனிக்குடம் உடைந்திருந்தது. அதுதான் என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது.

மாற்று ஆள் வந்தபோது வரிசையில் ஏழெட்டுப் பேர்தான் பாக்கி. ஓடி வந்து மூச்சு வாங்கினாள், கண் கலங்கியிருந்தது. "அங்கயும் ஷிப்ட் விடற நேரம்க்கா. விடல" என்றாள். சூடு வைக்கிற லைன்காரி பஸ்ஸை விட்டுவிட்டு வெளியே காத்திருந்தாள். அவள்தான் ஒரு வண்டியை மறித்து ஏற்றினாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் கேட்டக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் இல்லை. டூட்டி முடிந்து போயிருந்தாள். நர்ஸ் சீட்டைப் பார்த்தாள்.

"ஆபரேஷன்னு எழுதியிருக்கே. வலி வந்ததும் வரச் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?"

"மாத்து ஆள் வரல."

நர்ஸுக்கு விளங்கவில்லை. வேறொரு டாக்டர் வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தலை எறங்கிடுச்சு. இனிமே மேல இருந்து எடுக்கறதுதான் ஆபத்து. நார்மலாவே ஆயிடும்."

"நான் ஆபரேஷன்னு சொல்லிட்டேன் டாக்டர். கையெழுத்து போட்டிருக்கேன்."

"பார்த்தேன்மா. நீங்க சொன்னது சரிதான், ஆனா நேரம் தாண்டிடுச்சு. முடிஞ்ச வரைக்கும் கிழியாமப் பார்த்துக்கறோம்."

அடுத்த வலி வந்தது. கேட்டக்கா வழக்கம்போலப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் அவள் வயிற்றில் கைவைத்தாள்.

"அடக்காதேம்மா. பிள்ளைக்கு ஆகாது. விடு."

விடுவது எப்படி என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. முழங்கால் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. நர்ஸ் ஒன்றைப் பிடித்து விலக்கினாள், ஆயா இன்னொன்றை. கேட்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, மாற்று ஆளை எதிர்பார்ப்பவள்போல வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.