விருந்தாளி வருமுன் கூட்டிய கடற்கரை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் தொடங்கியது. எங்கள் கடற்கரையைச் சுத்தம் செய்ய தலைநகர் சாண்டோ டொமிங்கோவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், எங்கள் சந்துப் பெண்கள் விடியும் முன்பே போய் அதைக் கூட்டி வைத்துவிட்டார்கள். ரம் கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எழுத உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

(வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கத்தில் விருந்தாளி வருகிறார் என்றால் கழுவிய தரை ஈரமாக இருக்க வேண்டும். அழுக்கு வீட்டைக் காட்டுவதைவிடப் பட்டினி கிடக்கலாம். வருகிறவர் கூட்டுவதற்கே வந்தாலும் இதில் மாற்றமில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கரீபியக் கடல் நீலமாய் விரிந்து…’ அடித்துவிட்டேன். நான் கரும்பு வெட்டியவரின் மகன். கடலை நீலம் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் வேறு ஆட்கள்.

அப்புறம் இப்படி: ‘யுதெர்கா ஒரு பாவப்பட்ட…’ இதுவும் வேண்டாம். யுதெர்கா எங்கள் சந்தில் மீன் பொரித்து விற்கிறவள். வாய் நீளம். பாவம் பார்த்தால் திட்டுவாள்.

அவள் வீடு ஓடைக்கரையில். குப்பை வண்டி எங்கள் பக்கம் வருவது நின்றதிலிருந்து மேட்டுத் தெருக்காரர்கள் எல்லாவற்றையும் ஓடையில் கொட்டுகிறார்கள். அது வந்து பாலத்தடியில் அடைத்துக்கொள்ளும். மழை பெய்தால் தண்ணீர் அவள் வீட்டுக்குள் ஏறும். போன தடவை இடுப்பளவு. இப்போது புயல் மாதங்கள் தொடங்கப் போகின்றன. இந்தக் கதையின் கவலை இது ஒன்றுதான். வேறு ஆழம் எதையும் தேட வேண்டாம்.

3

பச்சைச் சட்டையும் புதுக் கையுறையுமாக வந்து இறங்கினாள் மரியெலிஸ். சுத்தம் செய்கிற ஏற்பாடெல்லாம் அவளுடையது.

“ஐயோ, குப்பை எங்கே?”

“நாங்கதான் கூட்டிட்டோமே,” என்றாள் யுதெர்கா பெருமையாக.

“உங்களை யாரு செல்லம் கூட்டச் சொன்னது?”

“வீட்டுக்கு ஆள் வர்றப்ப கூட்டுறதுக்கு யாராச்சும் சொல்லணுமா?”

“பஸ் வந்துட்டிருக்கு. கேமராக்காரங்க வந்துட்டிருக்காங்க. வெறும் மணலை வெச்சு நான் என்ன பண்ணட்டும்?”

வாடகை லாரியில் சாய்ந்து நின்ற டிரைவர் பிரிமிதிவோ சொன்னான்: “கையோட கொஞ்சம் கொண்டாந்திருக்கலாம், மேடம்.”

யுதெர்கா லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலி லாரி.

“குப்பைதான வேணும்? எங்க ஓடையில இருக்கு. லாரியை மேல அனுப்புங்க. எல்லா ரகமும் கெடைக்கும்.”

(கைப்பிரதியில் இந்த இடத்தில் என் நண்பர் ‘மிகை’ என்று எழுதினார். நான் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.)

4

மரியெலிஸ் லாரியை ஓடைக்கு அனுப்பினாள். பெண்கள் முழங்கால் சேற்றில் இறங்கி அள்ளி அதில் ஏற்றினார்கள். பாலத்தடி திறந்துகொண்டது. தேங்கிக் கறுத்துக் கிடந்த தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது. யுதெர்கா இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தபடி நின்றாள். பிரிமிதிவோவுக்குக் காபியும் பொரித்த மீனும் கொடுத்தாள்.

கீழே கடற்கரையில் மரியெலிஸ் குப்பையை மணலில் பரப்பச் சொன்னாள். “பாட்டிலெல்லாம் முன்னாடி. டயப்பர் வேணாம், படத்துல அசிங்கமா இருக்கும்.” பஸ் வந்தது. பாட்டு போட்டார்கள். பச்சைச் சட்டைகள் குனிந்தன, நிமிர்ந்தன, கேமராவைப் பார்த்துச் சிரித்தன. பைகள் நிரம்பின. டயப்பர்கள் லாரியிலேயே கிடந்தன.

இங்கேயே முடித்தால் எல்லோருக்கும் லாபம். அவர்களுக்குப் படம், அவளுக்கு ஓடை. முடித்தும் பார்த்தேன்: ‘அன்று முதல் அந்தச் சந்தில்…’ இல்லை. இப்படி முடிந்திருந்தால் நான் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

5

சாயங்காலம் அதே லாரி, அதே குப்பையோடு, மறுபடி மேலே ஏறி வந்தது. சந்து முனையில் யுதெர்கா நின்றாள். பின்னால் மற்ற பெண்கள்.

“அக்கா, தள்ளு,” என்றான் பிரிமிதிவோ. “எடுத்த எடத்துலயே போடச் சொல்லிட்டாங்க.”

“குப்பைக் கிடங்கு எதுக்குடா இருக்கு?”

“அது ரொம்ப தூரம். அந்த வாடகையை மேடம் தரமாட்டாங்க. நான் கூலிக்காரன், என்னை வுடு.”

“காலையில என் மீனைத் தின்னப்ப தெரியலையா நீ யாருன்னு? போனைப் போடு, நான் பேசுறேன்.”

போட்டான். பஸ்ஸில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே மரியெலிஸின் குரல் வந்தது.

“செல்லம், அது உங்க குப்பைதானே?”

“எங்க குப்பையாத்தான் இருந்துச்சு. நீங்க கட்டிப்பிடிச்சுப் படம் எடுத்துட்டீங்க. இனிமே உங்க குப்பை.”

போன் துண்டிக்கப்பட்டது.

6

முடிவு ஒன்று: மேயர் வந்து மன்னிப்புக் கேட்டு… அடித்துவிட்டேன். என் அப்பா இதைப் படித்தால் காறித் துப்புவார்.

முடிவு இரண்டு: போலீஸ் வந்து பெண்களை இழுத்துப்போட்டது, லாரி உள்ளே போனது. இது நடக்கக்கூடியது. ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்ததாலேயே கிழித்துப் போட்டேன். நடக்கக்கூடியதெல்லாம் நடந்தே தீர வேண்டும் என்று எழுதிக்கொடுக்க நான் யார்?

முடிவு மூன்று: அவள் கொஞ்சம் இறங்கி வருகிறாள். பாதிக் குப்பை இங்கே, மீதி… ‘சரி தம்பி,’ என்று அவள் சொல்வதாக எழுதிப் பார்த்தேன். அது அவள் குரலாக இல்லை. அவளை நகர்த்தத் திரும்பத் திரும்ப முயன்றேன். களைப்பைக் கொடுத்தேன், கால்வலியைக் கொடுத்தேன். அவளோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்லி, நடுச் சந்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பிரிமிதிவோ இன்னும் எஞ்சினை அணைக்கவில்லை. பின்னால் திரும்பிக் கிடங்குக்குப் போனால் அவன் வாடகைக் காசு போகும். முன்னால் போக, அவள் இருக்கிறாள். தெற்கே வானம் கறுத்துவிட்டது.

நான் இத்துடன் நிறுத்துகிறேன். அவள் எழுந்து வழிவிட்டாள் என்று முடிக்க விரும்புகிறவர்கள் தாராளமாக முடித்துக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் இன்று ராத்திரி தண்ணீர் ஏறும்போது அவள் தன் கட்டிலை எங்கே தூக்கி வைப்பாள் என்பதை முதல் வரியாக எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.