படம் பார்க்கிற உத்தியோகம்

றிம்சான் முற்றத்தில் பயணப் பையைக் கவிழ்த்து வைத்து, அதன் உருளும் சில்லுகளில் சிக்கியிருந்த மணலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். கட்டாரில் மறுபடியும் சாரதி வேலை. அன்று பின்னேரமே பாஸ்போர்ட்டைக் கல்முனையில் உள்ள ஏஜென்சியில் கொடுக்க வேண்டும். அவன் மனைவி சிபானா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உம்மா ஜெமீலா குசினியில் மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

சிபானா புவியியலில் பட்டம் எடுத்தவள். அந்தப் பாடத்துக்கு டீச்சர் உத்தியோகம்தான் என்று ஊரான சாய்ந்தமருதில் எல்லாரும் சொன்னார்கள். அந்த நியமனம் இந்த வருடம் வரும், அடுத்த வருடம் வரும் என்று காத்திருந்ததில், மகள் றீஹா பிறந்து பாலர் பாடசாலைக்கும் போகத் தொடங்கிவிட்டாள். இதற்கிடையில் அவள் பல்கலைக்கழகத்தில் படித்த, செய்மதி வானிலிருந்து எடுக்கும் படங்களைப் பார்த்து நிலத்தைக் கணிக்கும் வேலையை விட்டுவிடாமல், பழைய மடிக்கணினியில் செய்து பழகினாள். கண்ட இடமெல்லாம் விண்ணப்பம் போட்டாள். கடைசியில், பயிர்க் காப்புறுதி செய்யும் கொழும்புக் கம்பனி ஒன்றுதான் போன கிழமை அவளை நேர்முகத்துக்கு இணையத்தில் அழைத்தது.

வயல்வெளிப் படம் ஒன்றைத் திரையில் காட்டி, "இதில் வெள்ளம் எங்கே?" என்று கேட்டார்கள். கம்பனியின் மென்பொருள் தண்ணீர் நின்ற இடம் முழுவதையும் சிவப்பில் குறித்திருந்தது. சிபானா படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். சில இடங்களில் வரம்புகள் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. அது விதைப்புக்குக் கட்டிய தண்ணீர், வரம்பு மறைந்த இடத்தைத்தான் வெள்ளமென்று சந்தேகிக்கலாம், முந்திய கிழமைப் படத்தையும் பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "அறிவிப்போம்" என்று மட்டும் சொன்னார்கள். அதை றிம்சானிடம் அவள் பெரிதாகச் சொல்லவில்லை. பயணத்துக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டிருப்பவனிடம் எதைச் சொல்வது?

கதவு திறந்தது.

"என்னயாம்?" என்றான் றிம்சான்.

"எடுத்துட்டாங்க."

"அப்ப கொழும்புல போய் இரிக்கணுமா?"

"மாசத்துல ஒருக்காப் போனாக் காணுமாம். மத்த நாளெல்லாம் வீட்டுல இருந்தே செய்யலாம்." சம்பளத்தைச் சொன்னாள். கட்டாரிலிருந்து அவன் வீட்டுக்கு அனுப்பிவந்ததைவிட அதிகம்.

அவன் கையில் சரிந்திருந்த வாளியிலிருந்து தண்ணீர் காலில் வடிந்துகொண்டிருந்தது. "இன்னொருக்காச் சொல்லு," என்றான். அவள் இன்னொரு முறை சொன்னாள்.

ஜெமீலா மீன் கையோடு வெளியே வந்தாள். "படம் பாக்கிறத்துக்கா புள்ள இவ்வளவு சம்பளம்?"

"ஓம் உம்மா. பாக்கத் தெரிஞ்ச ஆளுக்குக் குடுக்கிறாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்ற ஜெமீலா, மருமகனின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே போய்விட்டாள்.

"நான் இஞ்ச இருந்து என்ன செய்யிற?" என்றான் றிம்சான்.

"வேன் ஒண்டு பாப்பம். இல்லாட்டி, கொஞ்ச நாளைக்கு ஒண்டும் செய்யாம இரிங்களேன்."

அவன் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினான். பிறகு ஈரக் கையோடே ஏஜென்சிக்காரருக்குப் போன் எடுத்தான். "நான் வரல்ல நானா... இல்ல, ஒரு வருத்தமும் இல்ல. நல்லா இரிக்கன்."

அஸர் தொழுகைக்குப் பிறகு றீஹாவையும் கூட்டிக்கொண்டு இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். திங்கட்கிழமை முதல் வேலை. பிழை விட்டுவிடுவேனோ என்ற பயம் சிபானாவுக்கு ஒரு பக்கம் இருந்தது. ஆனாலும் கடற்காற்றை ஆழமாக இழுத்து விட முடிந்தது.

றீஹா அலைக்குள் ஓடினாள். முழங்கால் தாண்டித் தண்ணீர் ஏறியது. "ஏய்! வா இஞ்சால! சொன்னாக் கேக்க மாட்டியா?" என்று றிம்சான் கத்தினான். லீவில் வந்த எந்தத் தடவையிலும் அவன் மகளை ஒரு சொல் ஏசியதில்லை. திரும்பிப் போகிறவன் ஏன் ஏச வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருப்பான். றீஹா திகைத்து நின்று, உதட்டைப் பிதுக்கி, தாயைப் பார்த்தாள். சிபானா பரிந்து பேசப் போகவில்லை.

பிள்ளை அழுதபடியே கரைக்கு வந்து, வாப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். றிம்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு முழம் தள்ளி அவனும் உட்கார்ந்தான். இரண்டு பேரும் நனைந்த மணலைக் கால் விரலால் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.